எந்தக் கிருமிக்கு எந்தக் கிருமி?



நன்மை செய்யும் பாக்டீரியாக்களைப் பற்றிப் பேச அழைத்தார்கள். தயிரும் மோரும் வயிற்றுக்கு நல்லது என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். அதை உங்கள் பாட்டிமார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ‘நல்ல பாக்டீரியா’ என்று பொதுப்படையாக ஒன்று கிடையாது. ஒரு குறிப்பிட்ட ரகம், ஒரு குறிப்பிட்ட எதிரியை, ஒரு குறிப்பிட்ட வயதுக் குடலில் வெல்கிறது. மற்ற இடங்களில் சும்மா கடந்து போகிறது. பொன்னியும் நெல்தான், மாப்பிள்ளைச் சம்பாவும் நெல்தான். ஒன்றின் விளைச்சலைச் சொல்லி மற்றதன் விதையை எந்த விவசாயியிடமும் விற்க முடியாது. மருந்துக்கடையில் மட்டும் அந்த வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

நமக்கு மேலே நிற்கும் ஜவ்வாது மலையை முன்வைத்தே பேசுகிறேன். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை. செய்யாறு பிறக்கும் இடம். மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைக்கும் மண். காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறது. குனிந்து மண்ணைப் பார்த்தவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர். மலைக் கிராமங்களில் மலப் பரிசோதனை செய்து அவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பத்துப் பேரில் நால்வரின் குடலில் கொக்கிப்புழு இருந்தது. பிறகு ‘டிவார்ம்3’ என்ற பன்னாட்டு ஆய்வு வந்தது. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி. இந்தியாவில் திமிரியும் ஜவ்வாது மலையும். பள்ளிப் பிள்ளைகளோடு நிறுத்தாமல், ஊரில் எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இருமுறையாக மூன்றாண்டு ஆல்பெண்டசோல் கொடுத்தார்கள். நாம் பூச்சி மாத்திரை என்கிறோமே, அதுதான். புழு குறைந்தது; பரவல் அறுபடவில்லை. மாத்திரை குடலில் இருக்கும் புழுவைத்தான் விரட்டும். நிலத்தில் கிடக்கும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து மறுபடி ஏறிவிடும்.

புழுவைப் பற்றி இவ்வளவு ஏன் என்று நினைப்பீர்கள். கொக்கிப்புழு ரத்தம் குடிக்கும். ரத்தம் போனால் சோகை. சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை. பாக்டீரியாக்களின் சண்டை நடப்பதே அந்த இரும்பை வைத்துத்தான். அதற்கு வருமுன் ஆயுதத்தைப் பார்த்துவிடுவோம்.

பாக்டீரியாவும் பாக்டீரியாவும் குடலுக்குள் இடத்துக்கும் சோற்றுக்கும் அடித்துக்கொள்கின்றன. பெல்ஜியத்தில் ஆந்த்ரே கிராசியா 1925இல் ஈ.கோலி பாக்டீரியாவின் ஒரு ரகம் இன்னொரு ரகத்தைக் கொல்லும் பொருளைச் சுரப்பதைக் கண்டார். கோலிசின் என்று அதற்குப் பிற்பாடு பெயர் வந்தது. பென்சிலின் கண்ணில் பட்ட 1928லேயே, பாலில் வாழும் பாக்டீரியா ஒன்று மற்றவற்றை வளரவிடாமல் தடுப்பதையும் பார்த்தார்கள். 1947இல் அதற்கு நிசின் என்று பெயரிட்டார்கள். வெறும் 34 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துண்டு, அதாவது பெப்டைடு. பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது லிப்பிடு-2 என்ற மூலக்கூறு கல் சுமக்கிறது. நிசின் அதைப் பிடித்துக்கொள்ளும். சுவர் வேலை நிற்கும். அதோடு விடாமல் அந்தப் பிடியையே ஊன்றுகோலாக்கிச் சவ்வில் துளையும் போடும். உணவுப் பாதுகாப்புப் பொருளாக 1969இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் இதை ஏற்றன. பாலாடைக்கட்டி டப்பாவில் ஈ234 என்று எழுதியிருந்தால் அது இதுதான்.

இவ்வளவு வல்ல ஆயுதத்தைப் பேதி வந்த குழந்தைக்குக் கொடுத்தால் என்ன? இரண்டு தடைகள். நம் குழந்தைகளை வாட்டும் ஷிகெல்லா, சால்மோனெல்லா, காலராக் கிருமி, நச்சு சுரக்கும் ஈ.கோலி ஆகிய எல்லாமே கிராம் நெகட்டிவ் வகை. அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. நிசின் அதைத் தாண்டி லிப்பிடு-2 இருக்கும் இடத்துக்குப் போகவே முடியாது. இரண்டாவது தடை நம் செரிமானம். பெப்டைடும் புரதம்தானே. முட்டையையும் பருப்பையும் அரைக்கும் கணையச் சாறு இதையும் அரைத்துவிடும். ஆகவே ஆயுதத்தை வாய்வழி அனுப்புவதைவிட, ஆயுதம் செய்யத் தெரிந்த உயிருள்ள பாக்டீரியாவை அனுப்பிக் களத்திலேயே செய்ய வைப்பது மேல் என்ற எண்ணம் எழுந்தது. உயிரோடு கொடுக்கும் நன்மை பாக்டீரியாவான புரோபயாடிக்கும் பெப்டைடும் ஒன்றுசேரும் இடம் இதுதான்.

இதை ஐயமறக் காட்டிய சோதனை 2007இல் அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து வந்தது. லாக்டோபேசில்லஸ் சலிவேரியஸ் இனத்தின் ஒரு ரகத்தைக் கொடுத்த எலிகள் லிஸ்டீரியா தொற்றிலிருந்து தப்பின. அதே ரகத்தில் பெப்டைடு செய்யும் மரபணுவை மட்டும் கெடுத்துக் கொடுத்தார்கள். எலிகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பாக்டீரியா அதே, அளவு அதே, எலியும் அதே இனம். ஆயுதம் ஒன்றுதான் இல்லை. மாணவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு புரோபயாடிக் ‘பெப்டைடால் வேலை செய்கிறது’ என்று எவராவது சொன்னால், இப்படி ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

கிராம் நெகட்டிவ் எதிரிகளுக்கு என்ன வழி? முதல் உலகப் போரின்போது, 1917இல், ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே ஒன்றைக் கவனித்தார். ஷிகெல்லா சீதபேதி சுற்றியிருந்தவர்களை எல்லாம் சாய்த்தபோது ஒரு படைவீரருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மலத்திலிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலி, நிஸ்லே 1917 என்ற பெயரில் இன்றும் ஐரோப்பாவில் மருந்தாக விற்கிறது. அது மைக்ரோசின் என்னும் மிகச் சிறிய பெப்டைடுகளைச் சுரக்கிறது. 2016இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, அழற்சி கண்ட எலிக் குடலில் இந்த மைக்ரோசின்களால்தான் நிஸ்லே ரகம் சால்மோனெல்லாவை முந்துகிறது என்று காட்டியது.

எப்படி முந்துகிறது என்பதில்தான் இரும்பு வருகிறது. குடல் அழற்சியுற்றால் உடல் தன் இரும்பைப் பதுக்கும். இரும்பில்லாமல் பாக்டீரியா பெருக முடியாது. எனவே சால்மோனெல்லா இரும்பைப் பொறுக்கிவரச் சிறு மூலக்கூறுகளை வெளியே விடும்; அவை திரும்பி உள்ளே வருவதற்கென்று வெளிச்சவ்வில் வாசல்களைத் திறந்து வைக்கும். மைக்ரோசின் தன் வாலில் அதே போன்ற மூலக்கூறை ஒட்டிக்கொண்டு வருகிறது. வாசல் திறக்கிறது, விஷம் உள்ளே போகிறது. நிசினால் தாண்ட முடியாத சவ்வை இது ஏமாற்றித் தாண்டுகிறது. எதிரிக்கு இரும்புப் பசி கூடக்கூட வாசல்கள் பெருகும். வாசல்கள் பெருகப் பெருக அது எளிதில் சாகும்.

இப்போது மலைக் குழந்தைக்கு வருவோம். சோகைக்கு இரும்புச்சத்து கொடுக்கிறோம். கொடுத்ததில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகிறது. கென்யாவில் இரும்பு கலந்த நுண்ணூட்டப் பொடி உண்ட கைக்குழந்தைகளின் குடலில் நோய்க்கிருமிகள் கூடியதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இரும்பு தாராளமாகக் கிடக்கும் குடலில் மைக்ரோசினுக்கு எத்தனை வாசல் திறந்திருக்கும்? ஐரோப்பிய ஆய்வகத்தில் வென்ற ரகம் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் வெல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுவே. இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறேன் என்று எவரும் ஊரில் போய்ச் சொல்லிவிட வேண்டாம். கொக்கிப்புழு உள்ள ஊரில் அது கட்டாயம் தேவை. இரண்டையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்கிறேன். நிஸ்லே ரகத்திலும் ஒரு முள் உண்டு. நம் செல்லின் மரபணு இழையைச் சேதப்படுத்தும் கோலிபாக்டின் என்ற பொருளைச் செய்யும் மரபணுக்களும் அதனிடம் இருப்பது பின்னாளில் தெரியவந்தது. நூறாண்டு விற்ற மருந்து என்பது மட்டும் நற்சான்று ஆகிவிடாது.

நம் நாட்டில் மனிதரிடம் செய்து பார்த்தவை என்ன சொல்கின்றன? கொல்கத்தாவின் குடிசைப் பகுதியில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் 3,758 பேருக்கு 12 வாரம் ஒரு லாக்டோபேசில்லஸ் பானமோ, வெறும் சத்துப் பானமோ கொடுத்தார்கள். 2011இல் வந்த முடிவு: பேதி 14 விழுக்காடு குறைந்தது. உண்மையான பலன்தான், ஆனால் சிறியது. தினமும் குளிர்பெட்டியில் வைத்த குப்பி ஒன்றை மலைமேல் கொண்டு சேர்க்கும் செலவை நினைத்தால் இன்னும் சிறியது.

ஒடிசா கிராமங்களின் முடிவு வேறு மாதிரி. பிறந்து சில நாளான 4,556 குழந்தைகளுக்கு ஏழே நாள், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் இனத்தின் ஒரு ரகத்தை, அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரைச் சங்கிலியோடு கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் ரத்தத் தொற்றோ இறப்போ நேர்ந்தவர்கள் வெறும் பொடி பெற்ற பிரிவில் நூற்றுக்கு 9. மருந்துப் பிரிவில் 5.4. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைத் திட்டமிட்ட எண்ணிக்கைக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். 2017இல் ‘நேச்சர்’ வெளியிட்டது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தது ஓரளவு எடையோடு பிறந்து, தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிவிட்ட குழந்தைகளை. மிகக் குறைமாதக் குழந்தைகள் வேறு கதை. அமெரிக்காவில் அப்படி ஒரு குழந்தை, கொடுத்த புரோபயாடிக் பாக்டீரியாவே ரத்தத்தில் பெருகி இறந்ததை அடுத்து, 2023இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. ஒடிசாவில் பாதுகாத்தது பெப்டைடுதானா என்று கேட்டால், ஆயுதத்தைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனை அங்கே நடக்கவில்லை.

நம் வேலூருக்கு வருவோம். வயிற்றுப்போக்கோடு வந்த 124 குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. ரகத்தையோ வெற்று மருந்தையோ நான்கு வாரம் கொடுத்த ஆய்வு 2014இல் வந்தது. ரோட்டா வைரஸ் தாக்கியவர்களில், மருந்து பெற்ற பிரிவில் நூற்றுக்கு 25 பேருக்குத்தான் மறுபடி பேதி வந்தது. மற்றப் பிரிவில் 46. ரோட்டா வைரசுக்குத் துளை போடப் பாக்டீரியா போல் சவ்வு கிடையாது. இங்கே பெப்டைடுக்கு வேலையில்லை. குடற்சுவர் தேறியதும் எதிர்ப்புச் சக்தி கூடியதும்தான் காரணமாக இருக்க முடியும். அமெரிக்காவில் அதே ரகத்தையும், கனடாவில் அதே இனத்தின் வேறொரு ரகத்தையும் 2018இல் இரண்டு பெரிய ஆய்வுகள் அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளிடம் சோதித்தன. கனடாவில் துணைக்கு இன்னோர் இனத்தின் ரகமும் உண்டு. பலன் சுழியம். வேலூர்க்காரர் சரியா, அமெரிக்கர் சரியா என்று கேட்காதீர்கள். நல்ல ஊட்டத்தோடு வளர்ந்து இரண்டு நாளில் தானே தேறிவிடும் குழந்தையும், மாதம் ஒருமுறை பேதி கண்டு குடற்சுவர் தேய்ந்துபோன குழந்தையும் ஒரே மருந்துக்கு ஒரே பதில் சொல்ல மாட்டார்கள். வேலூரிலேயே ரோட்டா தடுப்பு மருந்தின் பலனை இந்த ரகம் கூட்டுமா என்று 620 கைக்குழந்தைகளிடம் பார்த்தபோது, கூடியது சொற்பம். அதையும் அவர்களேதான் அச்சில் ஏற்றினார்கள். இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கூழுக்கும் பழைய சோற்றுக்கும் வராமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை முடிக்க விடமாட்டார்கள். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் லியூகோநாஸ்டாக் இட்லிக் கொப்பரை ஆவியில் வெந்துவிடுகிறது. இட்லி உயிருள்ள புரோபயாடிக் அல்ல. கேழ்வரகுக் கூழ் அப்படி அன்று. மாவைக் கரைத்து ஓரிரவு புளிக்க விட்டு, நொய்யோடு காய்ச்சி, மறுபடி ஓரிரவு வைக்கிறோம். இரண்டாம் புளிப்பில் பிறந்தவை உயிரோடு வயிற்றுக்குப் போகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தில் உஷா ஆண்டனி குழுவினர் கூழிலிருந்து லாக்டோபேசில்லஸ் பிளான்டாரத்தையும் வெய்செல்லாவையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் பிளான்டாரம் என்ற பெயர் ஒத்துப்போவதால் கூழ் ஒடிசா மருந்தாகிவிடாது. கூழைக் கரைக்கும் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பது, கூழில் எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்பதைவிடப் பெரிய கேள்வி. ‘முன்னோர் குடித்தார்கள், நோயின்றி வாழ்ந்தார்கள்’ என்று மேடையில் பேசுவோர் அந்த முன்னோரின் பிள்ளைகளில் எத்தனை பேர் ஐந்து வயதைத் தாண்டினார்கள் என்று சொல்வதில்லை.

சாப்பாட்டு வழியில் எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. 2000ஆம் ஆண்டு பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் வேலூர்க் குழு, 48 காலரா நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தது. உப்பு-சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து லிட்டருக்கு 50 கிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதியின் அளவும் நாளும் குறைந்தன. அந்த மாவு பெருங்குடலுக்குப் போய் அங்கே ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. அவை அதைப் புளிக்க வைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக்க, அவற்றோடு சேர்ந்து உப்பும் தண்ணீரும் உடலுக்குள் திரும்புகின்றன. வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவும் கொடுக்கவில்லை. குளிர்பெட்டி வேண்டாம், குப்பி வேண்டாம். சமைத்து ஆறவைத்த தானியத்தில் இப்படிச் செரிக்காத மாவு கூடும் என்பது தெரிந்ததே. சாமையை அந்தக் கண்ணோடு சோதிக்க வேண்டிய இடம் இந்த மலை.

கொக்கிப்புழுவுக்குத் திரும்புகிறேன். பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்றால் பலருக்குப் பி.டி. பருத்தி நினைவுக்கு வரும். அந்த இனத்தின் ஒரு ரகம் சுரக்கும் துரிசின் சிடி என்ற இரட்டைப் பெப்டைடு, மருத்துவமனைகளில் ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் கொடிய குளோஸ்ட்ரிடியம் பேதியின் கிருமியைக் கொல்கிறது. குடலின் மற்றக் குடிகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கார்க் குழுவினர் அதை 2010இல் அறிவித்தார்கள். அதே இனத்தின் இன்னொரு ரகம் செய்யும் கிரை5பி என்ற படிகப் புரதம், பெப்டைடைவிட மிகப் பெரியது, கொக்கிப்புழுவின் குடலில் துளை போடுகிறது. வெள்ளெலிகளில் அது புழுவைக் குறைத்ததை 2006இல் அமெரிக்கக் குழு காட்டியது. மனிதருக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆல்பெண்டசோல் ஒன்றையே நம்பியிருக்கும் மலைக்கு இரண்டாவது வழி எங்கிருந்து வரும் என்று கேட்டால், நான் இந்தத் திசையைக் காட்டுவேன்.

அதுவரை, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் செவிலியர்கள் செய்யும் வேலையில் மாற்றமில்லை. பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ்., இரண்டு வாரம் துத்தநாக மாத்திரை, தாய்ப்பாலும் கஞ்சியும் நிறுத்தாமை. ரத்தத்தோடு போனால் மருத்துவமனை. பையில் இடமிருந்தால் இன்னொரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வையுங்கள், புரோபயாடிக் குப்பிக்கு இடம் தேட வேண்டாம்.

ஆராய்ச்சிக்கு என்ன செய்யலாம்? நிஸ்லே நோய் வராதவரைக் கவனித்தார். 2018இல் தாய்லாந்துக் கிராமத்தார் 200 பேரின் மலத்தைப் பார்த்தவர்கள், பேசில்லஸ் இருந்த ஒருவர் குடலிலும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இல்லாததைக் கண்டு, அதை விரட்டும் ஃபெஞ்சிசின் என்ற கொழுப்புப் பெப்டைடைப் பிடித்தார்கள். அது கொல்வதுகூட இல்லை. எதிரிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வேதிச் செய்தியை அடைத்துவிடுகிறது. நாமும் ஒரே வீட்டில் அக்காவுக்குச் சீதபேதி வந்தும் தம்பிக்கு வராத குடும்பங்களைத் தேட வேண்டும். வராதவன் குடலில் என்ன இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்க வேண்டும். இரும்பு இருக்கையிலும் இல்லாதபோதும் அது ஷிகெல்லாவைத் தடுக்கிறதா, ஆயுதத்தைப் பிடுங்கினால் தோற்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்கள் அதனிடம் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் வகுத்த நெறிமுறை அதைக் கேட்கிறது.

கிடைத்தால் அது யாருடையது? அகத்தியமலையின் காணிக்காரர்கள் ஆரோக்கியப்பச்சையைக் காட்டினார்கள்; கேரளத்தின் பாலோடு என்ற ஊரிலுள்ள ஆய்வகம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தைச் செய்தது; உரிமத் தொகையில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்குப் போனது. அது செடி. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிக்கும் நுண்ணுயிருக்கும் இடமுண்டு. மலைச் சிறுவன் ஒருவனின் மலத்திலிருந்து எடுத்து, சண்டிகர் நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் எண் போட்டு வைக்கும் பாக்டீரியாவுக்கும் அப்படி ஒரு பங்கீட்டை முதலிலேயே, கிராம சபையில் பேசி, எழுதி வைத்துவிட வேண்டும். காப்புரிமை வந்தபின் பேசுவது பேச்சாகாது. இன்னொன்றும் உண்டு. ஆய்வுத் திட்டங்களின் செலவுப் பட்டியலில் மலம் சேகரிக்கும் குப்பிக்கும், வண்டி டீசலுக்கும், பனிக்கட்டிக்கும் ஒதுக்கீடு இருக்கிறது. குப்பியைக் கொடுத்த தாயிடம் திரும்பிப் போய், அதில் என்ன இருந்தது என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதற்கான ஒதுக்கீடு, நான் பார்த்த பலவற்றில் இல்லை. இங்கே இருக்கும் மாணவர்கள் நாளை எழுதப்போகும் திட்டங்களில் அதை முதல் ஆண்டுச் செலவிலேயே சேருங்கள்.